பேர் ஃபினெஸ்த்ரேக்கு, பாடு அசியெத்தாவில்: ஆல்ப்ஸின் ஒரு கிராவல் பாதையைப் பற்றி

வடமேற்கு இத்தாலியில், சூசா பள்ளத்தாக்குக்கும் கிசோனே பள்ளத்தாக்குக்கும் நடுவே ஒரு நீண்ட மலைமுகடு கிடக்கிறது. கிழக்கே ஃபினெஸ்த்ரே கணவாய், 2,178 மீட்டர். மேற்குக் கோடியில் செஸ்த்ரியேரே ஊர், 2,035 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் முகட்டை ஒட்டியே போகிற பழைய ராணுவச் சாலைதான் அசியெத்தா. இன்று அது மாகாணச் சாலை எண் 173. ஏறக்குறைய 34 கி.மீ.க்குத் தார் கிடையாது. நெடுந்தூரம் 2,300 மீட்டருக்கு மேலேயே ஓடுகிறது. கிராவல் சைக்கிளுக்கு (மண், கப்பிச் சாலையில் ஓட்ட அகலமான டயர் போட்ட சைக்கிள்) ஆல்ப்ஸில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அதை இங்கே செலவழிக்கலாம்.

பெரும்பாலானவர்கள் இங்கே வருவது ஃபினெஸ்த்ரேயின் பேரைக் கேட்டு. ஜீரோ தித்தாலியா என்ற இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயம் 2005-இல் முதன்முதலாக இதன் வழியே போனது. 2018-இல் கிறிஸ் ஃப்ரூம் இலக்குக்கு 80 கி.மீ. இருக்கும்போதே இங்கே தனியாகப் பிரிந்து பந்தயத்தையே புரட்டிப் போட்டார். 2025-இல் சைமன் யேட்ஸ் இதே ஏற்றத்தில்தான் பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையைத் தன் பக்கம் இழுத்தார். ஆகவே ஊரே ஃபினெஸ்த்ரேக்காகத் தயாராகி வருகிறது. உச்சியில் படம் எடுத்து முடித்ததும், பாக்கி இருப்பது வெறும் முகட்டுச் சவாரிதானே என்று நினைத்துவிடுகிறது. ஆள் கவிழ்வது அந்த நினைப்பில்தான்.

முதலில் ஃபினெஸ்த்ரே. சூசாவிலிருந்து 18.5 கி.மீ., சராசரி 9 சதவீதத்துக்குச் சற்று மேல். இதில் விசேஷம், மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சமதளம்கூடக் கிடையாது. மெயானாவைத் தாண்டியதும் காட்டுக்குள் குறுகலான தார் ரோடு, அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவுகள். கடைசி 8 கி.மீ. மண்சாலை. பந்தயம் வரும் வருஷங்களில் உருளை போட்டு இறுக்குவார்கள். மற்ற காலங்களில் சக்கரத் தடம் ஓடும் இடம் கெட்டியாகவும், வளைவின் உள்பக்கம் உதிரிப் பொடியாகவும் இருக்கும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, உட்கார்ந்தபடியே, வளைவை வெளிப்பக்கமாக அகலமாக எடுத்து ஏறுவதுதான் சரி.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். ஆளும் வண்டியுமாக 85 கிலோ என்றால், 9 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. போக 185 வாட் அளவுக்கு வேண்டும். முன் பல்சக்கரத்தில் (செயின்ரிங்) 30 பல், பின்னால் 36 பல் இருந்தால் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 73 சுற்று மிதிக்கலாம், முட்டி தாங்கும். முன்னால் 40, பின்னால் 42 என்ற ஒற்றைச் செயின்ரிங் அமைப்பில், களைத்துப்போய் 6 கி.மீ. வேகத்துக்கு இறங்கியதும் சுற்று 50-க்குக் கீழே போய்விடும். அதோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினால் அசியெத்தாவுக்குக் கால் மிஞ்சாது. ஒற்றைச் செயின்ரிங்தான் பிடிக்கும் என்றால் 40-க்கு 10-51 கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) போட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும்போதே வண்டியோடு வரும் கியர் இந்த மலைக்கு அநேகமாகப் போதாது.

உச்சியிலிருந்து தெற்கே பியான் தெல்லால்பே புல்வெளி வரை தார் ரோட்டில் சில கிலோமீட்டர் இறக்கம். அங்கே வலப்பக்கம் பிரிவதுதான் அசியெத்தா. கிட்டத்தட்ட 1,900 மீட்டரிலிருந்து 2,472 மீட்டரில் உள்ள அசியெத்தா கணவாய்க்கு மறுபடி ஏற வேண்டும். சாய்வு ஃபினெஸ்த்ரே அளவுக்குக் கடுமையில்லை, ஆனால் காற்று மெலிந்துவிட்டது, வெயிலும் ஏறிவிட்டது. 1747 ஜூலை 19-இல் பிரெஞ்சுப் படை இந்த முகட்டைப் பிடிக்க வந்து, தளபதி பெல்-ஈல் உட்பட ஏராளமானவர்களை இழந்து திரும்பியது. அந்தச் சரிவில் மூட்டை முடிச்சோடு ஏறியவர்களை நினைத்தால் நம் இரண்டு தண்ணீர் பாட்டில் பாரமாகத் தெரியாது.

அதற்குப் பின்தான் ஏமாற்று வேலை. வரைபடத்தில் லாவ்ஸோன் 2,497, பிளெஜியே 2,381, கோஸ்தா பியானா 2,313, பூர்ஜே 2,299 என்று கணவாய்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். செஸ்த்ரியேரே வந்துவிட்டது போலிருக்கும். ஆனால் பூர்ஜேவுக்கு அப்புறம் பாஸ்ஸே கணவாய் 2,424. அதாவது 125 மீட்டர் ஏற்றம், அதுவும் நாளின் கடைசியில். இடையிலுள்ள குட்டி ஏற்றங்களையும் கூட்டினால் சூசாவிலிருந்து மொத்தம் 2,500 மீட்டருக்கு மேல் போய்விடும். உணவைப் பங்கிடும்போது பாஸ்ஸேக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். கண்ணெதிரே ஊர் தெரிந்தும் தள்ளிக்கொண்டு போகிறவர்களை அந்த இடத்தில்தான் பார்க்கலாம்.

சாலையின் தரம் ஒரே மாதிரி இல்லை. கிழக்குப் பாதி பொதுவாக நல்ல கப்பி ரோடு. நடுவில் பாறை நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களும், வண்டிகள் முடுக்கி முடுக்கி வரிவரியாக மேடு தட்டிய இடங்களும் உண்டு. இந்தப் பகுதியின் பாறை தகடு தகடாகப் பிளக்கும் வகை. உருண்டைக் கல் டயரை நசுக்கும்; இந்தத் தகட்டுக் கல் டயரின் பக்கச்சுவரைக் கீறும். சிறு துளையை டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் அடைத்துவிடும், பக்கச்சுவர்க் கிழிசலை அடைக்காது. அதற்கு உள்ளே ஒட்டும் பட்டையோ, பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டோ, ஒரு ட்யூபோ கையில் இருக்க வேண்டும். சக்கரத்துக்கு 60 மி.லி. சீலன்ட் போதும். ஊற்றி மூன்று மாதம் ஆகியிருந்தால் காய்ந்திருக்கும், புதிதாக ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

டயர் 45 மி.மீ. என்பதே எங்கள் சிபாரிசு. 40-இலும் போகலாம், ஆனால் இறக்கத்தில் கை மரத்துப்போகும். 75 கிலோ ஆளுக்குக் காற்றழுத்தம் முன்னால் 1.9 பார், பின்னால் 2.1 பார். ஒரு நுணுக்கம்: 500 மீட்டரிலிருந்து 2,500 மீட்டருக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் 0.2 பார் குறைவதால் டயர் அந்த அளவு இறுகியது போல ஆகும். மேலே கீழேயைவிட 15 டிகிரி குளிராக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ஏறக்குறைய அதே அளவு குறைத்துவிடும். கணக்கு நேராகிவிடுவதால் மேலே போய் வால்வைத் திறக்கத் தேவையில்லை. கீழே சரியாக அடித்திருந்தால் போதும்.

வரிமேடு செய்யும் சேதம் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. பாட்டில் கூட்டின் திருகுகள் கழன்று, பாட்டில் எகிறி விழும். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பை ஆடி ஆடி, சீட் கம்பியைத் தேய்க்கும். திருகுகளில் நீலநிற லாக் பசை ஒரு சொட்டு, பைக்குக் கூடுதலாக ஒரு வார். இரண்டும் வீட்டிலேயே செய்யவேண்டிய வேலை.

பிரேக்குக்கு சின்டர்ட் (உலோகத் தூளை இறுக்கிச் செய்த) பேட் வேண்டும். ரெசின் (பிசின் கலந்த) பேட் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பளபளப்பாகி, பிடி விடும். முக்கியமாக, ஃபினெஸ்த்ரேயை எதிர்த் திசையில் சூசாவுக்கு இறங்கினால் ஒரே மூச்சில் 1,675 மீட்டர் இறக்கம். தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டு டிஸ்க் ஆற இடம் கொடுங்கள்.

எந்த நாளில் போவது என்பது டயரைவிட முக்கியம். வழக்கமாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதனும் சனியும் காலை 9 முதல் மாலை 5 வரை அசியெத்தாவில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. தூரின் மாநகர நிர்வாகம் வருஷாவருஷம் அறிவிப்பு வெளியிடும், பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். மற்ற நாட்களில் மோட்டார் சைக்கிள்கள் கிளப்பும் புழுதியில் முன்னால் இருக்கும் கல்லே தெரியாது. அந்த நாட்களில் இந்தப் பாதையின் மதிப்பு எங்களுக்குப் பாதிதான். ஜூன் பாதிக்கு முன்னால் பனி கிடக்கும். கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை சகஜம், முகட்டில் ஒதுங்க மரம்கூட இல்லை. சூசாவில் காலை 6 மணிக்கு மிதிக்க ஆரம்பித்தால், 2 மணிக்குள் பாஸ்ஸேயைத் தாண்டிவிடலாம்.

தண்ணீர் மூன்று லிட்டர். அசியெத்தா கணவாய்க்கு அருகே காசா அசியெத்தா என்ற மலைவிடுதி இருக்கிறது. கோடையில் சாப்பாடு உண்டு. அதை விட்டால் செஸ்த்ரியேரே வரை கடை இல்லை. ஓடைகளுக்கு மேலே மாடும் ஆடும் மேய்வதால் வடிகட்டி இல்லாமல் குடிக்கக்கூடாது. ஆட்டு மந்தையோடு பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும்; இங்கே ஓநாய் நடமாட்டம் உண்டு. நாய் குரைத்தால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, வண்டியைக் குறுக்கே வைத்து, மந்தையைச் சுற்றி மெல்ல நடங்கள்.

இவ்வளவு ஏற்றம் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு, செஸ்த்ரியேரேயில் தொடங்கிக் கிழக்கே போவது நல்லது. பாஸ்ஸே ஏற்றம் கால் புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடும். பியான் தெல்லால்பேயிலிருந்து தார் ரோட்டில் கிசோனே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடலாம்.

தெற்கே லீமோனேயிலிருந்து மொனேசிக்குப் போகும் உப்புப் பாதையோடு இதை ஒப்பிடுவார்கள். 39 கி.மீ., காட்சி அங்கே இன்னும் பிரமாதம்தான். ஆனால் சுண்ணாம்புப் பாறை நிலம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் வழியில் ஊற்று அரிது, கல்லும் பெரிது. 50 மி.மீ. டயருக்குக் குறைவாக அங்கே போவது வீண் வம்பு. முதல்முறை வருகிறவர்களுக்கு போர்மியோவுக்கு மேலே கன்கானோ ஏரிகள் போதும்: வளைந்து வளைந்து தார் ரோட்டில் ஏறினால், மேலே ஏரிக்கரையில் ஏறக்குறைய சமமான மண்பாதை.

சூசாவுக்கு தூரினிலிருந்து புஸ்ஸோலெனோ வழியாக ரயில் உண்டு, உள்ளூர் ரயில்களில் சைக்கிளை ஏற்றலாம். திரும்பும்போது செஸ்த்ரியேரேயிலிருந்து செசானா வழியாக ஊல்க்ஸ் வரை மட்டும் இறங்குங்கள். அதற்குக் கீழே சூசா வரையிலான 20 சொச்சம் கி.மீ. நெடுஞ்சாலையில் லாரிகளும் எதிர்காற்றும்தான். ஊல்க்ஸ் நிலையத்திலேயே தூரின் ரயில் நிற்கிறது.