‘சம்டர் கோட்டைக் குண்டு’ என்று விற்கிறார்கள், வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரைச் சுற்றி நடக்கும் பழம்பொருள் சந்தைகளில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டு வாங்கி வரவேற்பறையில் வைக்கலாம் என்று நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வியாபாரி எனக்கு இரண்டு குண்டுகளை விற்றார். ஒன்று பீரங்கிக் குண்டே அல்ல. மற்றது அசல் குண்டுதான், ஆனால் உள்ளே வெடிமருந்து அப்படியே இருந்தது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. இரண்டாவதை நினைத்தால்தான் இன்றும் ரத்தம் கொதிக்கிறது.

முதல் குண்டின் மரப்பீடத்தில் ‘32 பவுண்டர், சம்டர் கோட்டை, 1861’ என்று பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், அந்தப் போரின் முதல் சண்டை நடந்த கோட்டை அது. அந்தக் காலத்தில் கடற்கரைக் கோட்டைகளில் இருந்தவை பெரும்பாலும் உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழல் கொண்ட பீரங்கிகள். 24 பவுண்டர், 32 பவுண்டர், 42 பவுண்டர் என்று, அவை சுடும் கெட்டிக் குண்டின் எடையை வைத்தே அவற்றுக்குப் பெயர். அதைவிடப் பெரிய கொலம்பியாட் வகையை 8 அங்குலம், 10 அங்குலம் என்று குழலின் உள்விட்டத்தால் குறிப்பிடுவார்கள். சம்டர் கோட்டையில் இந்த வகைகள் எல்லாமே இருந்தன. அதனால் தகட்டில் எழுதியிருந்தது நம்பக்கூடியதாகவே இருந்தது. வியாபாரி என் கண் முன்னால் குண்டைத் தராசில் வைத்தார். முள் கிட்டத்தட்ட 32 பவுண்டில், அதாவது பதினான்கரை கிலோவில் நின்றது. “தராசு பொய் சொல்லுமா?” என்று கேட்டார்.

தராசு பொய் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். அது சுரங்க ஆலைகளில் தாது அரைக்கப் பயன்படும் எஃகு உருண்டை. 6 அங்குல விட்டமுள்ள எஃகு உருண்டை ஏறக்குறைய 32 பவுண்டு எடை இருக்கும். எஃகைவிட வார்ப்பிரும்பு அடர்த்தி குறைந்தது. அதனால் அதே எடைக்கு வார்ப்பிரும்புக் குண்டு சற்றுப் பெரிதாக இருந்தாக வேண்டும். அமெரிக்க ராணுவ அளவுப்படி 32 பவுண்டர் குண்டின் விட்டம் 6.25 அங்குலம், பீரங்கிக் குழலின் உள்விட்டம் 6.4 அங்குலம். அதாவது குண்டுக்கும் குழலுக்கும் இடையே நாலு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி. என்னிடம் தள்ளிவிட்ட உருண்டையைப் போட்டால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விழும். வெடிமருந்தின் வாயு அந்தச் சந்து வழியாகவே வெளியேறிவிடும். அப்படியொரு குண்டை எந்த ராணுவமும் வார்த்திருக்காது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். அசல் 32 பவுண்டர் குண்டின் சுற்றளவு 50 சென்டிமீட்டருக்கு ஒட்டி வரும். என்னுடையது 48 சென்டிமீட்டர்கூட இல்லை. எடையை மட்டும் பார்த்தால் ஏமாறுவது உறுதி. எடையும் சுற்றளவும் சேர்ந்து பொருந்த வேண்டும். கறுப்புப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். அசல் குண்டு என்றால், அதை வார்த்த இரண்டு அரைக்கோள அச்சுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓட வேண்டும். உருகிய இரும்பை ஊற்றிய வாய் இருந்த இடத்தில், ராவித் தேய்த்த தழும்பு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுகூட இல்லை. பழைய துரு போலத் தெரிந்த குழிகள் அமிலம் ஊற்றி உண்டாக்கியவை. எல்லாம் ஒரே ஆழம், அதுவும் மேல்பக்கத்தில் மட்டும்.

கோட்டைச் சுவரடியில் கடலுக்குள்ளிருந்து சமீபத்தில் எடுத்தது என்றும் அவர் சொன்னார். வார்ப்பிரும்பு உப்புநீரில் நூறு வருடம் கிடந்தால், உருவம் மாறாமலேயே இரும்பு கரைந்து வெளியேறும், கரிப்பொருள் மட்டும் மிஞ்சும், எடை நன்றாகக் குறைந்துவிடும். கரைக்கு எடுத்துப் பல மாதங்கள் மின்பகுப்பு முறையில் உப்பை நீக்காவிட்டால் பொருக்குப் பொருக்காக உதிரும். கடலில் கிடந்த குண்டு முழு எடையோடு வழுவழுவென்று இருக்க வாய்ப்பே இல்லை. போகட்டும், அவர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். சம்டர் கோட்டை 1948இல் தேசிய நினைவுச் சின்னமானது, 2019 முதல் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதி. அங்கிருந்து அனுமதி இல்லாமல் தொல்பொருளை எடுப்பதும் விற்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். எப்படிப் பார்த்தாலும் அந்தத் தகடு ஒன்று பொய், இல்லையென்றால் திருட்டு.

இப்போது இரண்டாவது குண்டுக்கு வருகிறேன். அது 8 அங்குலப் பீரங்கிக்கு உரியது. ‘கெட்டிக் குண்டு, ஆபத்தில்லை’ என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். வண்டி நிறுத்தும் கொட்டகையில் வைத்திருந்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “மாமா, இந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வேறு மாதிரி இருக்கிறது” என்றான். குனிந்து பார்த்தேன். நாணய அளவில் ஒரு வட்டம். சுற்றியிருந்த இரும்பு சொரசொரப்பாக இருக்க, வட்டத்துக்குள் மட்டும் மழமழவென்று, விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. திரி பொருத்தும் துளையை மக்கு வைத்து அடைத்து மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்கள்.

இந்த அளவில் கெட்டிக் குண்டு என்றால் சுமார் 65 பவுண்டு, கிட்டத்தட்ட 30 கிலோ எடை இருக்க வேண்டும். உள்ளே குடைந்து மருந்து நிரப்பும் வெடிகுண்டு என்றால் 50 பவுண்டு, ஏறக்குறைய 23 கிலோ. ரசீதில் எடை என்ற இடத்தில் அந்த வியாபாரியே 50 பவுண்டு என்று தன் கையால் எழுதியிருக்கிறார். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் போக வழியே இல்லை.

பையனை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு அவசர உதவி எண் 911ஐ அழைத்தேன். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து எடுத்துப்போய்ப் பாதுகாப்பான இடத்தில் வெடிக்கச் செய்தார்கள். உள்ளே மருந்து இருந்தது என்று பிறகு தகவல் சொன்னார்கள்.

‘இத்தனை வருடம் கழித்து என்ன வெடிக்கப் போகிறது?’ என்று கேட்காதீர்கள். கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றின் கலவை. வயதானதால் மட்டும் அது செத்துவிடாது. திரியும் துருவும் சேர்ந்து துளையை அடைத்துவிட்டால் உள்ளே ஈரம் புகாமலே இருந்துவிடும். 2008இல் வர்ஜீனியாவில், அனுபவம் மிக்க சேகரிப்பாளர் ஒருவர் தன் வீட்டு வாசலில் கடற்படைக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். சிதறிய துண்டு ஒன்று கால் மைல் தள்ளியிருந்த வீட்டின் முகப்பைப் பிளந்தது. 2016 அக்டோபரில் மேத்யூ புயலுக்குப் பின் சார்ல்ஸ்டனை அடுத்த ஃபாலி கடற்கரையில் குண்டுகள் மணலுக்கு மேலே தலைகாட்டியபோது, அவற்றை அகற்ற ராணுவ நிபுணர்களைத்தான் வரவழைத்தார்கள்.

ஏற்கெனவே வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் அதைத் துளையிடவோ, மின்கருவியால் துருவைத் தேய்க்கவோ, தீயருகே வைக்கவோ வேண்டாம். காரில் ஏற்றி யாரிடமும் காட்டப் போக வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல்துறையைக் கூப்பிடுங்கள். முறையாகச் செயலிழக்கச் செய்ததாகச் சொல்லி விற்பவரிடம், அதைச் செய்தது யார், எப்போது என்ற எழுத்துச் சான்றைக் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது.

வியாபாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். குழந்தை தொட்ட பொருள் அது என்றேன். தொடர்பைத் துண்டித்துவிட்டார். எஃகு உருண்டைக்கான பணத்தைக் கடன் அட்டை நிறுவனம் மீட்டுத் தந்தது. வெடிகுண்டு தொடர்பான புகார் ரசீதோடு காவல்துறையிடம் இருக்கிறது. சென்ற மாதம் நண்பர் ஒருவர் அனுப்பிய புகைப்படத்தில் அதே வியாபாரியின் மேசை மீது, அதே பித்தளைத் தகடோடு, கறுப்புப் பெயிண்ட் அடித்த குண்டுகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றன் உச்சியில் அந்த மழமழப்பான வட்டம் படத்திலேயே தெரிகிறது. அந்தப் படத்தையும் காவல்துறைக்கு அனுப்பிவிட்டேன்.