சிங்கப்பூர் – நியூவார்க்: நடுவில் இறங்காத விமானம், எனக்குப் பிடித்த காரணங்கள்

மகன் எடிசனில் குடியேறிய பிறகு, நியூ ஜெர்சி போக நானும் கணவரும் எடுப்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 22 விமானம்தான். நள்ளிரவுக்குச் சற்று முன் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கிளம்பி, மறுநாள் விடியற்காலையில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் நியூவார்க்கில் இறக்கிவிடும். முழங்கால் வலியை வைத்துக்கொண்டு நடுவழியில் இன்னொரு சோதனை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதற்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம்.

தூரம் காட்டும் இணையதளங்களில் இந்த இரண்டு ஊர்களையும் போட்டால் சுமார் 15,340 கி.மீ. என்று வரும். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து 17 மணி நேரம் என்றும் சொல்லிவிடும். அதை நம்பி, அழைத்துப்போக வருபவரிடம் நேரம் சொல்லாதீர்கள். அது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்தாற்போல் வரும் மிகக் குறுகிய கோடு. வட துருவத்தை ஒட்டிப் போகும். விமானமோ அமெரிக்கா போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகப் போகிறது. கிலோமீட்டர் கூடுதல்தான். ஆனால் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் மிச்சமாகிறது. காற்று மாறினால் பாதையும் மாறும். 18 முதல் 19 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே பாதையில் 2004இல் ஏர்பஸ் நிறுவனத்தின் நான்கு எஞ்சின் ஏ340-500 ஓடியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நின்றது. 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கியபோது வந்தது இரண்டு எஞ்சின் ஏ350-900இன் நெடுந்தூர வகை. 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையைக் குறைக்க மொத்தமே 161 இருக்கைகள்: பிசினஸ் 67, அதற்கும் சாதாரண எகானமிக்கும் நடுவில் வரும் பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையவே கிடையாது. எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இதுதான். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் எத்தனையோ பெற்றோருக்கு இந்த விலை எட்டாது. அவர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று நியூயார்க் போகும் விமானம் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும்.

நாங்கள் போவது பிரீமியம் எகானமி. காலை நீட்ட இடம் தாராளம். தனியாகப் போகிறவர்கள், கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னலோரம் இருக்கும் ஒற்றை இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். இத்தனை நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கும், நடந்தே ஆக வேண்டும். சைவச் சாப்பாட்டை ஒரு நாளுக்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

தூக்கம்தான் பெரிய விஷயம். கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. நமக்குச் சாயங்காலம் ஆகும்போது அங்கே விடிகிறது. அதனால் ஏறியதும் ஒரு தூக்கம், எழுந்து சாப்பாடு, ஒரு படம், அப்புறம் கடைசி ஐந்து மணி நேரம் இன்னொரு தூக்கம் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். இறங்கிய அன்று பகல் முழுக்க விழித்திருக்க முடிகிறது.

சென்னை, திருச்சியிலிருந்து போகும் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் கிழக்கே வந்து, பிறகு இத்தனை தூரம் எதற்கு? துபாய் போய் மாறினால் அங்கிருந்து நியூயார்க் சுமார் 11,000 கி.மீ. தான்.