மூச்சைக் கணக்குப் பார்க்கும் டப்பா: சத்துவாச்சாரியிலிருந்து ஒரு விமர்சனம்

கரியமில வாயு மீட்டர். உள்ளங்கை அளவு வெள்ளை டப்பா, பெரிய எழுத்தில் ஒரு எண், பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறும் ஒரு விளக்கு. 2021இல் கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்த பிறகு ஆன்லைனில் வாங்கினேன். விலை ஆறாயிரத்துச் சொச்சம். இன்னும் ஓடுகிறது. பிராண்ட் பெயரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ஒரே டப்பாவை நாலு பெயரில் விற்கிறார்கள்.

வீட்டு மாடியில் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கீழே மாமியார்; அவருக்குச் சர்க்கரையும் உண்டு, வீசிங்கும் உண்டு. டியூஷனை மறுபடி ஆரம்பித்ததும் பெற்றோர்கள் போன் போட்டுக் கேட்டதெல்லாம் ஒரே ரகம். "ஒரு பேட்ச்ல எத்தனை பேர் மேடம்?" "புதுசா ஏதோ வந்திருக்காமே, அனுப்பலாமா?" வேலூர், சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் என்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வைரஸ் பற்றிச் சொந்த அபிப்பிராயம் வேறு உண்டு. அரசாங்கமும் தலைக்கணக்கில்தான் பதில் சொன்னது. ஒமிக்ரான் பரவிய 2022 ஜனவரியில் கல்யாணத்துக்கு 100 பேர், சாவுக்கு 50 பேர். போலீஸ் எண்ணிப் பார்க்க அது வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தென்னங்கீற்றுப் பந்தலில் உட்கார்ந்த நூறு பேரும் ஜன்னல் சாத்திய ஏ.சி. ரூமில் உட்கார்ந்த முப்பது பேரும் எப்படி ஒன்றாவார்கள்? இந்த டப்பா தலையை எண்ணுவதில்லை, காற்றை எண்ணுகிறது. அதனால்தான் வாங்கினேன்.

கணக்கு எளிது. வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு கரியமில வாயு. நாம் வெளியே விடும் மூச்சில் கிட்டத்தட்ட 40,000 பங்கு. அறைக்குள் எண் 2,000 காட்டினால், நீங்கள் இழுக்கும் இருபத்தைந்து மூச்சில் ஒன்று அந்த அறையில் இருக்கிற யாரோ ஏற்கெனவே விட்ட மூச்சு. இதைச் சொன்னதும் அத்தை முகத்தைச் சுளித்து, "சீ, எச்சில் காத்து" என்றார். அன்று முதல் அவர் ஜன்னலைச் சாத்துவதில்லை. ரெண்டு வருஷம் டிவியில் சொன்ன எதுவும் அவரிடம் இவ்வளவு வேலை செய்யவில்லை.

எச்சில் காற்று என்பது சரியான பேச்சுத்தான். தும்மல் துளி ரெண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும், ஆனால் அதைவிடச் சிறிய நுண்துளி காற்றில் பத்து மீட்டர் வரைகூடப் போகலாம், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதமே சொல்லிவிட்டது. அதற்கு முந்தின வருஷம் பூரா நாம் கத்திரிக்காயை மஞ்சள் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தோம்.

டியூஷன் ரூமில் ஏ.சி. போட்டு எல்லாம் சாத்தினால் அரை மணிக்குள் 1,700. ஏ.சி. குளிர வைக்கும், அவ்வளவுதான். சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றி விடுகிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஜன்னல் இல்லாத ஒரு ஓட்டலில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று வந்ததே, அங்கே நடந்ததும் இதுதான். ஒரு ஜன்னலை ஒரு சாண் திறந்து, எதிர்ச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டதும் எண் 800, 850க்கு இறங்கிவிடுகிறது. கரண்ட் பில் கூடத்தான் வருகிறது. வேலூர் மே மாத வெயிலில் ஜன்னலைத் திற என்று சொல்கிறவளைப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

டப்பா உண்மையில் உழைத்தது குடியாத்தத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில். மேலே முகூர்த்த ஹால், உயரமான கூரை, நாலு பக்கமும் கதவு திறந்திருந்தது: 700. மேடை ஓரம் போனால் திடீரென்று சிவப்பு. பதறவேண்டாம், அது ஓமத் தீ விடும் வாயு, ஆள் மூச்சு இல்லை. மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, நமக்குத் தெரியவேண்டும். சாப்பாடு கீழே, நிலத்தடி ஹாலில். ஏழரை மணி முதல் பந்தியில் 900 தான், அத்தையை அதிலேயே உட்கார வைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு நான் இறங்கினபோது ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்கு ஒரு ஆள் நின்றுகொண்டு, சாப்பிடுகிறவர் இலை எப்போது மடியும் என்று தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். 2,400. சாப்பிடும்போது மாஸ்க் எங்கே போடுவது? மேலே மாஸ்க் போட்டு ஜாக்கிரதையாக இருந்தவர்கள் எல்லாம் அங்கேதான் வாயைத் திறந்தார்கள். மேலே வந்ததும் அத்தை கேட்டார், "இன்னாம்மா சொல்லுது உன் டப்பா?" சொன்னேன். "அப்ப எனக்கு பீடாவை இங்கேயே வாங்கியாந்து குடுத்துடு" என்றார்.

வைகாசியில் அதே குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு திருவிழாக் கூட்டத்திலும் பார்த்தேன். தெருவில் 500ஐத் தாண்டவில்லை. அதற்காகக் கவலையே இல்லை என்று ஆகாது. இடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் பக்கத்து ஆள் உங்கள் முகத்தில் இருமினால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

உருமாற்றம் பற்றியும் எல்லாரும் கேட்கிறார்கள். டெல்டா, ஒமிக்ரான், 2023 டிசம்பரில் ஜே.என்.1, 2025 கோடையில் என்.பி.1.8.1 என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. முன்பு தொற்று வந்தவருக்கும் ஊசி போட்டவருக்கும் மறுபடி வரும்படி வைரஸ் தன் மேற்புரதத்தை மாற்றிக்கொள்கிறது. வரும் வழியை மாற்றவில்லை, மூச்சுக்காற்றில்தான் வருகிறது. ஆகவே டப்பா பழசாகவில்லை. ஆனால் வேகமாகப் பரவும் ரகம் ஊரில் சுற்றும்போது அதே 900 முன்பைவிட ஆபத்தானது என்பதை அது சொல்லாது. ரூமில் நோயாளி இருக்கிறாரா என்றும் தெரியாது. எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தாலும், காற்றிலிருக்கும் நுண்துளியை வடிகட்டும் ஹெபா ஃபில்டர் ஓடினாலும் எண் குறையாது, ஆபத்து குறையும். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் வீண் பயம்தான் மிச்சம்.

வாங்குகிறவர்களுக்கு: என்.டி.ஐ.ஆர். சென்சார், அதாவது அகச்சிவப்பு ஒளியை வைத்துக் கரியமில வாயுவை அளக்கிற ரகம், என்று போட்டிருக்கவேண்டும். பக்கத்து வீட்டில் ஆயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கினார்கள். கையில் சானிடைசர் தடவிப் பக்கத்தில் காட்டினோம், அது 3,000க்கு எகிறியது, என்னுடையது அசையவில்லை. மலிவு டப்பாக்கள் சாராய ஆவியை மோந்து பார்த்துவிட்டுக் கரியமில வாயு என்று அடித்துவிடுகின்றன. நல்லதாக இருந்தாலும் அவ்வப்போது மொட்டை மாடியில் வைத்து 420 பக்கம் காட்டுகிறதா என்று பாருங்கள். பூட்டின ரூமிலேயே கிடந்தால் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியே அதைத் தப்பான கணக்குக்குக் கொண்டுபோய்விடும்.

குறை: பேட்டரி இப்போது ஒரு முழு பந்திக்குத் தாங்குவதில்லை, பவர் பேங்க் வேண்டும். பீப் சத்தத்தை நிறுத்தும் பட்டன் பின்பக்கம், அதுவும் ஊசி முனையில் அழுத்தினால்தான் வேலை செய்யும். தாலி கட்டுகிற நேரத்தில் அது கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்துக்கு நாலு. டியூஷன், கிளினிக், தையல் கடை என்று ஆள் வந்து உட்காரும் இடம் வைத்திருப்பவர்கள் வாங்கலாம். ஒரு கல்யாணத்துக்கு மட்டும் என்றால் வாங்காதீர்கள், யாரிடமாவது இரவல் கேளுங்கள். முதல் பந்திக்குப் போனாலே பாதி வேலை முடிந்தது.