‘20 வருஷத்துக்கும் ஒரே பேமென்ட்’ என்று பேட்டன்ட் ரின்யூவலுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பேட்டன்ட், அதாவது காப்புரிமை, வாங்கி வைத்திருக்கிற சின்னப் பட்டறைக்காரர்கள், அதிலும் "ரின்யூவல் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்ன யாரிடமோ பணத்தைக் கொடுத்துவிட்டு அதை மறந்தே போனவர்கள், கடைசி வரை படித்துவிடுங்கள். நானும் அப்படி மறந்தவன்தான். ஒன்றேகால் வருஷம் என் பேட்டன்ட் செத்துக் கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது.

எனக்குக் கோயம்புத்தூர் கணபதி பக்கம் பட்டறை. நான் செய்தது ஒரு கிளாம்ப். போர் மோட்டாரை ஏற்றும்போதும் இறக்கும்போதும் பைப்பைக் கவ்விப் பிடிக்கிற சாமான். சாதாரணக் கிளாம்பில் போல்ட் கொஞ்சம் லூசாக இருந்தாலும் பைப் நழுவி, மோட்டாரும் கேபிளும் சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் எல்லாம் சர்வசாதாரணம், உள்ளே விழுந்ததை எடுக்கிற செலவுக்கும் அலைச்சலுக்கும் அழுகைதான் வரும். என் கிளாம்பில் எடை கூடக் கூட உள்ளே இருக்கிற ஆப்பு தானாக இறுகும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு, ஆனால் அந்த ஆப்பின் சாய்வைச் சரியாகக் கொண்டுவர எனக்கு மூன்று வருஷம் ஆனது.

2016 செப்டம்பர் 22 அன்று தற்காலிக விவரணத்தோடு, அதாவது கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விளக்கத்தோடு, விண்ணப்பம் போட்டோம். அடுத்த வருஷம் முழு விவரணம். கிராண்ட் ஆனது, அதாவது பேட்டன்ட் கைக்குக் கிடைத்தது, 2022 மார்ச்சில். அதுவரை எனக்காக இந்தப் பேட்டன்ட் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் உடம்பு முடியாமல் தொழிலை விட்டுவிட்டார், நல்ல மனிதர், ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கியதில்லை. கிராண்ட் ஆன விவரம் வெள்ளிக்கிழமைதோறும் வருகிற காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும். அதைப் பார்த்துத்தான் பேட்டன்ட் ரின்யூவல் பார்க்கிற ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து எனக்குப் போன் வந்தது என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு, பரவாயில்லையே நம்மைத் தேடி வருகிறார்களே என்றுதான் நினைத்தேன். பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது.

முதலில் அவர்கள் செய்தது சரியான வேலை. நம் நாட்டில் முதல் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் கிடையாது, மூன்றாம் வருஷத்திலிருந்து ஒவ்வொரு வருஷத்துக்கும் உண்டு. ஆனால் கிராண்ட் ஆகாமல் கட்ட முடியாதல்லவா, அதனால் விண்ணப்பம் கிடப்பில் இருந்த வருஷங்களின் பாக்கி எல்லாம் சேர்ந்து, பேட்டன்ட் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். எனக்கு 3, 4, 5, 6 ஆகிய நான்கு வருஷம், தனிநபர் என்பதால் வருஷத்துக்கு 800, ஆக 3,200 ரூபாய். மே மாதம் கட்டி அரசாங்க ரசீதையும் அனுப்பினார்கள். அந்த ஒரு ரசீதுதான் என்னைக் கவிழ்த்தது.

அடுத்த வாரமே நேரில் வந்தார்கள். "சார், வருஷா வருஷம் ஞாபகம் வெச்சுக் கட்டறது உங்களுக்குத் தொல்லை. லைஃப்டைம் பேக்கேஜ் இருக்கு. 45,000 கட்டிட்டீங்கன்னா 2042 வரைக்கும் நீங்க திரும்பியே பாக்க வேண்டாம்." டீ வாங்கிக் கொடுத்து, ஜிபேயில் இரண்டு தவணையாக அனுப்பிவிட்டேன். "20 வருடப் புதுப்பிப்பு முழுமையாகச் செலுத்தப்பட்டது" என்று அழகான லெட்டர்பேடில் ஒரு பிடிஎஃப் வந்தது. தொடர்பு முகவரியையும் மின்னஞ்சலையும் அவர்களுடையதாக மாற்ற ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த மூன்று வாக்கியப் பேச்சில் எத்தனை பொய் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

2042 என்பதே பொய். பேட்டன்டின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம், கிராண்ட் ஆன நாளிலிருந்து இல்லை. தற்காலிக விவரணத்தோடு போட்டிருந்தாலும் அந்த முதல் தேதிதான் கணக்கு. என்னுடையது 2036 செப்டம்பர் 22 அன்று முடிகிறது. கிராண்ட் கிடைக்க ஐந்தரை வருஷம் ஆனதே, அது ஆயுளிலிருந்து கழிந்தது கழிந்ததுதான், யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

அப்புறம் அந்த 45,000. இதைத்தான் நான் அன்றைக்கே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டினால் 7 முதல் 10 வரை வருஷத்துக்கு 2,400, 11 முதல் 15 வரை 4,800, 16 முதல் 20 வரை 8,000. கூட்டினால் 9,600, 24,000, 40,000, ஆக மொத்தம் 73,600. ஸ்டார்ட்-அப், பதிவுசெய்த சிறுதொழில், கல்வி நிறுவனம் இவர்களுக்கும் இதே தொகைதான், பெரிய கம்பெனிகளுக்கு 5 மடங்கு. அரசாங்கத்துக்கே 73,600 கட்ட வேண்டியிருக்கும்போது ஒருவன் 45,000 வாங்கிக்கொண்டு கட்டிவிடுகிறேன் என்கிறானே, மீதிக்கு எங்கே போவான்? பட்டறையில் ஒரு போல்ட்டுக்கு 50 பைசா பேரம் பேசுகிறவன் நான். இந்தக் கணக்கைப் போடவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் கடைசியில் சூலூர் மெக்கானிக் தம்பி ஒருவர் வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினார். "அண்ணா, உங்க கிளாம்ப்பு மஞ்சக் கலர்லயும் வருதுங்களா?" என்று. நான் அடிப்பது பச்சை. பெரிதாக்கிப் பார்த்தால் அதே ஆப்பு, அதே சாய்வு, பிடியில் மட்டும் ஒரு வளைவு கூடுதல். விலை என்னுடையதைவிட 1,100 குறைவு. நிறுவனத்துக்குப் போன் போட்டேன். நோட்டீஸ் அனுப்பத் தனியாக 35,000 ஆகும் என்றார்கள். அங்கேதான் எனக்கு லேசாக உறைத்தது. மைத்துனர் மூலமாகச் சென்னையில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தேன், அவர் பதிவுபெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்டும்கூட. விண்ணப்ப எண்ணைக் கேட்டார், சொன்னேன். போனில் பேசிக்கொண்டே காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இ-ரெஜிஸ்டரை, அதாவது பேட்டன்ட் பதிவேட்டை, திறந்துவிட்டார், இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

"சார், ஆறாவது வருஷத்தோட நிக்குது. ஏழாவது வருஷத்துக்குக் கட்டவே இல்லை. பேட்டன்ட் இப்போ உயிரோட இல்லை."

என்னிடம் ரசீது இருக்கிறது என்று லெட்டர்பேடு பிடிஎஃப்பை அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல சிபிஆர் நம்பர் எங்கே?" அரசாங்கத்துக்குக் கட்டிய எந்தக் கட்டணத்துக்கும் சிபிஆர் எண்ணும், அதாவது அரசாங்க ரசீது எண்ணும், தேதியும் இருக்கும், அது இ-ரெஜிஸ்டரிலும் அந்தந்த வருஷத்துக்கு நேராக ஏறும். ஏறவில்லை என்றால் பணம் போகவில்லை. கையில் என்ன காகிதம் இருந்தாலும் சரி. 2022 மே மாத ரசீதில் அது இருக்கிறது, பேக்கேஜ் ரசீதில் இல்லை. இரண்டையும் ஒரே ஃபைலில்தான் வைத்திருந்தேன்.

இங்கே கெடுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. ஏழாவது வருஷக் கட்டணத்துக்குக் கடைசி நாள் ஆறாவது வருஷம் முடிகிற 2022 செப்டம்பர் 22. தவறினால் படிவம் 4 போட்டு, மாதத்துக்கு 480 கூடுதலாகக் கட்டி 6 மாதம் வரை இழுக்கலாம். அதாவது 2023 மார்ச் 22க்குள் யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதிகபட்சம் 5,280 ரூபாயோடு எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. தொடர்பு முகவரிதான் அவர்களுடையதாயிற்றே.

அந்த 6 மாதமும் போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒரே கதவு. காப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, படிவம் 15, மீட்பு விண்ணப்பம். உயிர் போன நாளிலிருந்து 18 மாதத்துக்குள் போட வேண்டும். அந்த 6 மாத அவகாசம் முடிந்த பிறகுதானே 18 மாதம் தொடங்கும் என்று கேட்டேன். இல்லை என்றார் வழக்கறிஞர். கட்டாமல் விட்டால் அசல் கெடு முடிந்ததோடு உயிர் போனதாகத்தான் சட்டம் சொல்கிறது, அங்கிருந்தே எண்ண வேண்டும். எனக்கு 2024 மார்ச் 22. ஜனவரி முதல் வாரத்தில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த மஞ்சள் கிளாம்ப் போட்டோ மூன்று மாதம் தள்ளி வந்திருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

நான் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, செமகுளுடைடு என்கிற மருந்தின் கனடா பேட்டன்டே பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியானது, அதை ஓசெம்பிக் என்ற பெயரில் விற்கிற அவ்வளவு பெரிய கம்பெனிக்கே நடக்கிறது என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். அவர்களுக்கு 45,000 போயிருக்காது.

விண்ணப்பத்தில் இரண்டு விஷயத்தைக் காட்ட வேண்டும். கட்டாமல் விட்டது வேண்டுமென்றே இல்லை, தெரிந்த பிறகு தாமதிக்கவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், எனக்கு மிகவும் உதவியது அந்தப் போலி ரசீதுதான். ஜிபே விவரம், வங்கி ஸ்டேட்மென்ட், "எல்லாம் கட்டியாச்சு சார்" என்கிற வாட்ஸப் செய்திகள், அந்த லெட்டர்பேடு எல்லாவற்றையும் வழக்கறிஞர் பிரமாணப் பத்திரத்தோடு இணைத்தார். பணம் கட்டும் எண்ணம் இல்லாதவன் எதற்கு 45,000 கொடுப்பான்? பிப்ரவரி 19 அன்று தாக்கல் செய்தோம். விண்ணப்பக் கட்டணம் 2,400 தான், வழக்கறிஞர் கட்டணம் தனி. அலுவலகம் முகாந்திரம் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால் இதழில் வெளியிடும், அதிலிருந்து 2 மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். மஞ்சள் கிளாம்ப்காரர் எதிர்ப்பாரோ என்று அந்த 2 மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இதழைப் பார்க்கிற ஆள் இல்லை போலிருக்கிறது. டிசம்பரில் உத்தரவு வந்தது. ஒரு மாதத்துக்குள் 7, 8, இடையில் வந்துவிட்ட 9 ஆகிய மூன்று வருஷக் கட்டணம் 7,200ம் மீட்புக்கான கூடுதல் கட்டணமும் கட்டினோம், இந்தத் தடவை என் கையால்.

உயிர் வந்துவிட்டது, ஆனால் முழுசாக வரவில்லை. 62ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பேட்டன்ட் செத்த நாளிலிருந்து மீட்பு விண்ணப்பம் இதழில் வெளியான நாள் வரை நடந்த மீறலுக்கு வழக்குப் போட முடியாது. அதோடு, அந்த இடைவெளியில் நம்பி அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டவர்களுக்குப் பாதுகாப்பும் உண்டு. நியாயம்தான், பதிவேட்டைப் பார்த்து உரிமை இல்லை என்று தெரிந்து முதலீடு போட்டவனை நாளைக்கு எப்படித் தண்டிப்பது? நியாயம் என்று எழுதுகிறேனே தவிர, சூலூர்க் கடையில் மஞ்சளும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அவர் 2023 நடுவில் ஆரம்பித்தவர். இன்றும் விற்கிறார்.

நிறுவனம் சொன்ன பதில் என்ன தெரியுமா? "ஸ்டாஃப் மாறிட்டாங்க சார்." பிறகு பார்த்தால் அங்கே யாருமே பதிவுபெற்ற பேட்டன்ட் ஏஜென்ட் இல்லை. ஏஜென்ட்டாக இருக்கத் தனித் தேர்வு உண்டு, பட்டியல் அதே இணையதளத்தில் இருக்கிறது, பெயரைத் தட்டினால் தெரியும். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் போட்டிருக்கிறேன். இரண்டு தடவை தள்ளிப்போட்டாகிவிட்டது.

மொத்தமாகக் கட்டுவது தப்பா என்று கேட்பீர்கள். இல்லை, பல வருஷத்துக்கு முன்கூட்டியே கட்டச் சட்டத்திலேயே இடம் உண்டு, 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 4 வருஷத்துக்குச் சேர்த்து ஆன்லைனில் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. நான் 10 முதல் 13 வரை அப்படித்தான் கட்டினேன், 16,800க்குப் பதில் 15,120. சிபிஆர் எண் வந்தது, இ-ரெஜிஸ்டரில் ஏறியதையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். தொடர்பு மின்னஞ்சலும் இப்போது என்னுடையது.

இன்னொன்று, இதோடு நேரடிச் சம்பந்தம் இல்லை. பிசிடி என்கிற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தம் வழியாக வெளிநாட்டுக்கும் போட்டவர்களுக்கு, விண்ணப்பம் வெளியானதும் ஏதோ சர்வதேசப் பதிவேடு என்ற பெயரில் யூரோவில் பில் வரும். பீளமேட்டு நண்பர் கட்டப் போய்விட்டார், நல்லவேளை அவர் மகள் தடுத்தாள். அப்படிப்பட்ட போலிக் கடிதங்களின் மாதிரிகளை உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனமான வைப்போவே தன் தளத்தில் போட்டு எச்சரிக்கிறது.

அதே நிறுவனத்தில் பேக்கேஜ் கட்டிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவரையும் உட்கார வைத்து இ-ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். ஒருவருடையது ஓடிக்கொண்டிருக்கிறது, சந்தேகப்பட்டு அவரே தனியாகக் கட்டியிருக்கிறார். இன்னொருவருக்கு 18 மாதம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.