கல்லூரிச் சாலையா, துவாக்குடியா, திருவாரூரா? பிளஸ் டூ பிள்ளையோடு போய்ப் பார்த்ததில் தெரிந்தவை

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்துக்குப் போய்விட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டு ரேங்க் வெளியிடுவார்கள். நம் சுற்று வரும்போது விருப்பப் பட்டியல் போடக் கிடைப்பது சில நாட்கள்தான். என்.ஐ.டி. எனப்படும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கான ஜோசா கலந்தாய்விலும் பட்டியல் போடச் சில நாட்கள்தான். அந்த நேரத்தில் காரைக்குடியில் எந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் ஒரே காட்சி: அப்பா ஒரு கல்லூரிப் பெயர் சொல்ல, மாமா இன்னொன்று சொல்ல, பிள்ளை பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாலு வருடம் எங்கே படிக்கப்போகிறோம் என்று அந்தப் பிள்ளை நேரில் பார்த்ததே இல்லை.

அதனால் மகள் பிளஸ் டூ வந்ததுமே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளுக்குப் பிடித்தது வேதியியல். ஆனால் வேதியியலை அறிவியலாகப் படிப்பதா, பொறியியலாகப் படிப்பதா என்பதில் அவளுக்குத் தெளிவில்லை. காரைக்குடிக் கல்லூரிச் சாலை, துவாக்குடி என்.ஐ.டி., திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் என்று நாங்கள் பார்த்த இடங்களை அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒப்பிடுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸோ வணிகவியலோ எடுக்கப்போகும் பிள்ளைக்கு விடை வேறாக வரலாம்.

எப்போது போவது

காலாண்டு விடுமுறைதான் சரியான நேரம். செப்டம்பர் கடைசியில் பள்ளிக்கு லீவு, கல்லூரிகளில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். அரையாண்டு விடுமுறையில் போனால் அங்கே செமஸ்டர் முடிந்து வளாகம் காலியாகக் கிடக்கும். கோடையில் போனால் கட்டடத்தை மட்டும்தான் பார்க்க முடியும். என்.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வின் முதல் அமர்வு ஜனவரியில் வந்துவிடுகிறது. பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் பிள்ளைக்கு மனசு ஓடாது.

எப்படிப் போவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் நான் முதல்வன் திட்டத்தில் பள்ளியே கல்லூரிக் களப்பயணம் கூட்டிப்போகிறது. கல்லூரி வாசலையே மிதிக்காத குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய கதவு. நிச்சயம் அனுப்புங்கள். ஆனால் நூறு பேரோடு வரிசையில் போகும்போது தனக்கு வேண்டியதைக் கேட்க முடியாது. கல்லூரி விழா நாளில் போவது இன்னொரு வழி. திருச்சி என்.ஐ.டி.யின் பெஸ்டம்பர், பிரக்யான் மாதிரி விழாக்களைப் பார்த்துவிட்டு மயங்காத பிள்ளை கிடையாது. அந்த மயக்கத்தை வைத்துக்கொண்டு நாலு வருடத்தை எடைபோட முடியாது.

என் ஓட்டு சாதாரண வேலைநாளுக்குத்தான். ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், பொதுமக்களை உள்ளே விடும் திறப்பு நாளில் எங்களுக்குப் பளபளவென்று ஓர் ஆய்வகத்தைக் காட்டினார்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போனோம். அதே அறை பூட்டிக் கிடந்தது. எப்போது திறப்பீர்கள் என்று கேட்டால் அங்கிருந்த மாணவர்களுக்கே பதில் தெரியவில்லை. வேலைநாளில் போய் ஆய்வகத்தில் பியூரெட்டும் பிப்பெட்டும் ஈரமாக இருக்கிறதா, ரெக்கார்டு நோட்டில் எந்தத் தேதிக்குக் கையெழுத்து விழுந்திருக்கிறது, நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பாருங்கள். எந்தக் கையேட்டிலும் இது இருக்காது.

கல்லூரிச் சாலை: முதலில் இதைப் பாருங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு அழகப்பா என்றால் எல்லாம் ஒன்றுதான். ஆட்டோக்காரரிடம் "அழகப்பா" என்று சொன்னால் "எந்த அழகப்பா போறீக?" என்று திருப்பிக் கேட்பார். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். கொஞ்ச தூரத்துக்குள் நாலு வேறு நிர்வாகங்கள் இருக்கின்றன. 1947-இல் வள்ளல் அழகப்பர் தொடங்கிய கலைக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரி. பட்டம் அழகப்பா பல்கலைக்கழகத்துடையது. சேர்க்கை அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையதளம் வழியாக. 1952-இல் வந்த பொறியியல் கல்லூரியும் அரசுடையதுதான், ஆனால் அதன் பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது, சேர்க்கை பொறியியல் கலந்தாய்வில். 1985-இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகம் முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் பெயர் பெற்றது. நாலாவது, செக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அது மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.-ஐச் சேர்ந்தது. ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு இன்னொன்றிலும் இடம் வரும் என்று காத்திருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

செக்ரியைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேருவை அழைத்து அடிக்கல் நாட்ட வைத்தார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். டெல்லிக்கோ பம்பாய்க்கோ போயிருக்கக்கூடிய ஆய்வுக்கூடம் இந்த வறண்ட பூமிக்கு வந்தது. பேட்டரி, உலோக அரிமானம், மின்முலாம் என்று இங்கே நடக்கும் வேலை நாட்டுக்கே வேண்டியது. மண்டபத்தில் உப்புக்காற்றில் இரும்பை வைத்து எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்கும் நிலையமும் இவர்களுடையதுதான். வேதியியலும் மின்வேதியியலும் சேர்ந்த பி.டெக். படிப்பும் இங்கே இருக்கிறது, பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. படிக்கும் வளாகத்திலேயே முழுநேர விஞ்ஞானிகள் வேலை செய்வது சின்ன விஷயமில்லை.

இத்தனையும் இருந்தும் காரைக்குடிப் பிள்ளைகளில் நிறையப் பேர் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள் செப்டம்பர் 26. அதை ஒட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். இந்த ஒரு திறப்பு நாளுக்கு மட்டும் மேலே நான் சொன்னதில் விலக்கு உண்டு, ஏனென்றால் பாதுகாப்புக் காரணத்தால் மற்ற நாளில் உள்ளே விடுவது சிரமம். சுவரொட்டி முன்னால் நின்றிருந்த ஓர் ஆராய்ச்சி மாணவியிடம் என் மகள், "அக்கா, நேத்து நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். அவர் ஒரு சின்ன நாணய வடிவ பேட்டரி செல்லைக் கையில் எடுத்துக் காட்டி, அதில் மின்சாரத்தை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, வரைபடத்தில் வரும் கோட்டைப் பார்ப்பதுதான் இந்த மாதம் முழுக்கத் தன் வேலை என்றார். அலுப்பாக இல்லையா என்றதற்கு, "அலுப்புத்தான், ஆனா ஒரு நாள் கோடு மாறும் பாரு" என்றார். வீடு வரும் வரைக்கும் மகள் அந்தக் கோட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சாலை முழுக்க நமக்குத் தெரிந்த முகங்கள்தான். வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்கு நாலு வருடமும் பள்ளிக்கூடத்தின் நீட்சியாகவே போய்விடும் ஆபத்து உண்டு. உள்ளூரில் சேர்ந்தாலும் ஒரு வருடமாவது விடுதியில் இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

துவாக்குடி

காரைக்குடியிலிருந்து திருச்சி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கிருந்து தஞ்சாவூர் சாலையில் போனால் என்.ஐ.டி. 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-இல் என்.ஐ.டி. ஆனது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையின் பொறியியல் பட்டியலில் 2024-இல் 9-ஆம் இடம், என்.ஐ.டி.களில் முதலிடம். நுழைவாயிலில் அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். முன்கூட்டியே துறைக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுப் போவது நல்லது.

இங்கே போனதால் கிடைத்த பெரிய லாபம் ஒரு தெளிவு. கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் மகள் அதே "நேத்து என்ன செஞ்சீங்க" கேள்வியைக் கேட்டாள். குழாயில் திரவம் ஓடும் வேகத்தையும் வெப்பம் கடத்தப்படும் அளவையும் கணக்குப் போட்டேன் என்றார். வேதிவினை எழுதி எத்தனை நாளாச்சு என்றதற்குச் சிரித்தார். கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பெரும்பகுதி இயற்பியலும் கணிதமும்தான் என்பது டியூஷன் சென்டரில் யாரும் சொல்லாத செய்தி. அந்தக் கணக்கு பிடிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. குடுவையில் நிறம் மாறுவதைப் பார்த்து வேதியியலுக்கு வந்த பிள்ளை யோசிக்க வேண்டும்.

இடங்களில் பாதி தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு, மீதி பிற மாநிலத்தவருக்கு. விடுதிப் பேச்சில் இந்தி, தெலுங்கு, மலையாளம் எல்லாம் கலக்கும். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கொஞ்சம் திணறும், பிறகு அதுவே பலம். ஜே.இ.இ. ரேங்க்கோடு பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) வேண்டும், அல்லது அந்தந்த வாரியத்தின் முதல் 20 சதமானத்துக்குள் வர வேண்டும்.

செலவைக் கேட்டுப் பயந்து பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் முழுத் தள்ளுபடி. ஒன்றிலிருந்து 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு முழுத் தள்ளுபடி. விடுதி, உணவுச் செலவு தனி. மறுபக்கம், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளைக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மாநிலக் கலந்தாய்வில் மட்டும்தான். அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கல்லூரிச் சாலையையும் துவாக்குடியையும் ஒப்பிடும்போது இந்தக் கணக்கு முதலில் வர வேண்டும்.

திருவாரூர்

2009-இல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் திருவாரூரை அடுத்த நீலக்குடியில் இருக்கிறது. அகலப்பாதை வந்த பிறகு காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வழியாக ரயிலிலேயே போகலாம். சேர்க்கை, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் வழியாக. 2022 முதல் இதுதான் நடைமுறை. நம் பள்ளிகளில் நீட், ஜே.இ.இ. பேசும் அளவுக்கு க்யூட் பற்றிப் பேசுவதில்லை. விண்ணப்பத் தேதி போன பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. வேதியியலை வேதியியலாகவே படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு, பிளஸ் டூ முடித்ததும் நேராக முதுநிலை வரை ஒரே இடத்தில் படிக்க வைக்கும் ஒருங்கிணைந்த படிப்புகளால் பெயர் எடுத்த இடம் இது. சுற்றிலும் வயல், அமைதி. படிக்கும் பிள்ளைக்கு அது போதும். கடைத்தெரு, சினிமா என்று நகரத்தை எதிர்பார்க்கும் பிள்ளைக்கு முதல் மாதமே சலித்துவிடும். அந்த நாள் மாலை ஆறு மணிக்கு வளாகத்தில் நின்றுபார்த்து, "இங்க இருக்க முடியுமா?" என்று பிள்ளையையே கேட்பதுதான் சோதனை. எங்கள் மகள் முடியும் என்றாள், கொஞ்சம் யோசித்துத்தான்.

சிதம்பரத்தையும் கிண்டியையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1929-இல் கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் நிறுவியது என்பதால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மேல் தனிப் பாசம். 2013 முதல் அது அரசுப் பொறுப்பில். பாசத்தை மட்டும் வைத்து அனுப்பாதீர்கள். துறையைப் பாருங்கள். அழகப்பர் நன்கொடையில் 1944-இல் வந்த, ஏ.சி. டெக் எனப்படும் சென்னை கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி கெமிக்கல் இன்ஜினியரிங்குக்குப் பேர்போனது. கட்-ஆஃப் உயரமாக இருக்கும் பிள்ளைகள் மாநிலக் கலந்தாய்வில் அதை மேலே வைக்கலாம்.

வெளியே அனுப்புவது பற்றி

"எங்க ஐயா பதினஞ்சு வயசுல கப்பல் ஏறிப் பர்மா போனாக, இவளுக்குத் திருவாரூர் என்ன தூரம்?" என்று எங்கள் தெருவில் ஓர் ஆச்சி கேட்டார். மரியாதையோடு சொல்கிறேன், இரண்டும் ஒன்றில்லை. அன்று வட்டிக்கடைக்கு வேலை பழகப் போன பெட்டியடிப் பையனுக்கு இறங்கிய இடத்தில் நம் ஊர் ஏஜெண்ட் காத்திருந்தார், நம் ஊர்ச் சோறு இருந்தது, மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் திரும்பி வரும் ஏற்பாடு இருந்தது. இன்று விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. அதனால்தான் விடுதியை நேரில் பார்க்க வேண்டும்: காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போவார்கள், இரவு எட்டு மணிக்குப் பெண்பிள்ளை நூலகத்திலிருந்து எப்படித் திரும்பும், குறையை எழுத்தில் யாரிடம் கொடுப்பது. இதை வார்டனிடம் கேட்பதைவிட இரண்டாம் ஆண்டு மாணவியிடம் கேளுங்கள். அப்போது நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். அப்பா அம்மா பக்கத்தில் நின்றால் எந்த அக்காவும் உள்ளதைச் சொல்ல மாட்டார்.

என் தீர்ப்பு இது. கணக்கில் வலுவும் ஜே.இ.இ. ரேங்க்கும் இருந்தால் துவாக்குடி. அறிவியலில் நிலைக்க ஆசைப்பட்டால் திருவாரூர். பொருள்களோடும் பேட்டரியோடும் கையால் வேலை செய்ய ஆசை இருந்தால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத் தள்ளிவிடாமல் செக்ரி. இவற்றில் செக்ரிக்குத்தான் நான் அதிகம் வாதாடுவேன்.

மகள் செக்ரியை முதலிலும் திருவாரூரை இரண்டாவதாகவும் எழுதி வைத்திருக்கிறாள். அவள் அப்பா துவாக்குடிதான் மேலே என்கிறார். மாநிலக் கலந்தாய்வும் ஜோசாவும் தனித்தனி என்பதால் இப்போதைக்குச் சண்டைக்கு அவசியமில்லை. ஜே.இ.இ.க்கும் க்யூட்டுக்கும் சேர்த்தே படிக்கிறாள். மதிப்பெண் வந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.