சீட் பெல்ட் மாற்றிய கடை, புதுவண்ணாரப்பேட்டை

வடசென்னை புதுவண்ணாரப்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) கடல் பக்கம் திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது இந்தக் கடை. போர்டு கிடையாது. பாதி ஷெட், பாதி தெரு. எப்போது போனாலும் ஏதாவது ஒரு கார் நாலு கதவையும் திறந்து போட்டு நிற்கும், அதுதான் அடையாளம். ஏர்பேக், சீட் பெல்ட், பவர் விண்டோ, டேஷ்போர்டு என்று காரின் உள்பக்கத்து வேலை மட்டும்தான் எடுக்கிறார்கள். என்ஜினில் கை வைப்பதில்லை.

நான் போனது டிரைவர் சீட் பெல்ட்டுக்காக. 2019 கடைசியில் வாங்கிய சின்ன கார். வீடு எர்ணாவூரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் வெறும் தண்ணீர் வரவில்லை, எண்ணெயும் சேர்ந்து வந்தது. கார் சீட் வரை முழுகியது. தண்ணீர் வடிந்ததும் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். சீட், கார்ப்பெட் எல்லாம் கழற்றிக் கழுவி, வாசனை அடித்துக் கொடுத்தார்கள். பெல்ட்டை மட்டும் யாரும் தொடவில்லை. வெளியே தெரிகிற பட்டை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டையைச் சுருட்டும் ரீல் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் தூணின் அடியில், கிட்டத்தட்ட தரையை ஒட்டி இருக்கிறது. வெள்ளம் முதலில் போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.

முதலில் பெல்ட் மெதுவாகத் திரும்பியது. பிறகு பாதியிலேயே நின்று தொங்க ஆரம்பித்தது. இறங்கிக் கதவைச் சாத்தினால் பெல்ட்டின் இரும்பு நாக்கு கதவில் மாட்டி 'டங்' என்று அடிக்கும். நாலு இடத்தில் கேட்டேன். ஒருவர் பட்டை மேலேயே ஸ்ப்ரே அடித்து அனுப்பினார். இரண்டு நாள் ஓடியது, அப்புறம் தூசி ஒட்டி முன்னைவிட மோசம். ஒரு சீட் கவர் கடையில் "பழைய வண்டி பெல்ட் ஒன்று இருக்கு, வெட்டித் தைத்துக் கொடுத்துவிடலாம்" என்றார்கள். இன்னொரு கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், பக்கிளில் செருகிவிட்டால் அலாரம் அடிக்காத கிளிப் ஒன்றை நீட்டினார். அந்தக் கிளிப்பை விற்கக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. நம் ஊர்க் கடைக் கண்ணாடிப் பெட்டியில் அது ஜோராகத் தொங்குகிறது.

நான் துறைமுகத்தில் சரக்கைக் கட்டித் தூக்கிவிடும் ரிகர் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். சரக்கு தூக்கும் பட்டை ஸ்லிங்கும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், சீட் பெல்ட்டும் பாலியஸ்டர்தான். ஸ்லிங்கில் ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலோ தையல் விட்டிருந்தாலோ அதைத் தூக்கிப் போடுவோம். தைத்துப் பயன்படுத்தலாம் என்று எந்த போர்மேனிடமாவது சொல்லிப் பாருங்கள், அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிற்பீர்கள். அதனால் வெட்டித் தைக்கிற யோசனை எனக்குக் காதிலேயே ஏறவில்லை.

இந்தக் கடைத் தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம். நான் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்திவிட்டு, பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தார். நாம் போட்டுக்கொள்ளும்போது இழுக்கும் அளவு இல்லை. ரீலில் இருக்கிற கடைசி சுற்று வரை. அந்தக் கடைசி ஒரு முழம் பழுப்பாக, தொட்டால் பிசுபிசு என்று இருந்தது. "வெள்ளத்துல நின்ன வண்டியா சார்?" என்றார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ப்பெட்டை மாற்றிவிடுவார்கள், சீட்டைக் கழுவிவிடுவார்கள், பெல்ட்டின் அடிச்சுற்றை யாரும் கழுவ மாட்டார்கள்.

எடுத்த எடுப்பில் மாற்றச் சொல்லவில்லை என்பதை அவர் கணக்கில் சேர்க்க வேண்டும். தோளுக்கு மேலே பட்டை நுழைந்து வருகிற வளையத்தை முதலில் துடைத்துப் பார்த்தார். நிறைய கார்களில் அந்த வளையத்தில் அழுக்கு படிந்துதான் பெல்ட் மெதுவாகத் திரும்புமாம். சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகிவிடும், காசு வாங்க மாட்டேன் என்றார். என் வண்டியில் அதற்கு அசையவில்லை. பிறகு தூணின் மூடியைக் கழற்றி ரீலைக் காட்டினார். உள்ளே சேறும் எண்ணெயும் காய்ந்து வடகம் மாதிரி ஒட்டியிருந்தது.

"கழுவிட்டா?" என்று கேட்டேன்.

"கழுவலாம் சார். சுத்தும். ஆனா புடிக்குமான்னு நான் கேரண்டி குடுக்க முடியாது. இத்த நம்பி ஓட்டாத சார்."

ஏன் என்று பிறகு காட்டினார். ரீலுக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கிறது. பிரேக் போட்டாலோ வண்டி சாய்ந்தாலோ குண்டு நகர்ந்து ஒரு நெம்புகோலைத் தூக்கும், அது பல்லில் மாட்டி ரீலைப் பூட்டும். பட்டையை வெடுக்கென்று இழுத்தால் பூட்டுகிற ஏற்பாடு வேறு தனியாக இருக்கிறது. நாம் எல்லோரும் கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்த்து 'சரி, பிடிக்கிறது' என்று திருப்தி அடைகிறோமே, அது இரண்டாவது ஏற்பாட்டுக்கான சோதனை மட்டும்தான். என் ரீலைக் கழற்றிக் கையில் சாய்த்துப் பிடித்து மெதுவாக இழுத்தார். பூட்ட வேண்டும், பூட்டவில்லை. எண்ணெய்ச் சேற்றில் குண்டு ஒட்டிக்கொண்டு விட்டது. பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. போட்ட பெல்ட் பிடிக்குமா என்று எந்த சிக்னலிலும் யாரும் கேட்கப் போவதில்லை.

பொருளை அவரே வாங்கித் தருவார் என்று நினைத்தேன். இல்லை. சேஸிஸ் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, கம்பெனி ஸ்பேர் கவுண்டரில் நீங்களே ஆர்டர் போடுங்கள் என்றார். வலது, இடது வேறு. ஒரே மாடலில் ப்ரீடென்ஷனர் (மோதும்போது பெல்ட்டை இறுக்கும் பாகம்) உள்ளது, இல்லாதது வேறு. பழைய சாமான் கடைப் பெல்ட் கொண்டுவந்தால் மாட்ட மாட்டேன் என்று கறாராகச் சொன்னார். விபத்தில் ஒருமுறை இழுபட்ட பட்டை அதன் வேலையை முடித்துவிட்டது. ப்ரீடென்ஷனர் வெடித்திருந்தால் அது ஒரு தடவைக்கு மேல் உதவாது. பார்த்தால் இரண்டும் தெரியாது. எனக்கு 3,680 ரூபாய் ஆனது. கூலி 600.

மாட்டுகிற அன்று பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு எரிச்சல். திரும்பி வந்துதான் காரணம் சொன்னார்: ப்ரீடென்ஷனரில் சின்ன வெடிமருந்து இருக்கிறது, மோதும் நொடியில் பெல்ட்டை உடம்போடு இறுக்குவது அதுதான். அதற்கு உத்தரவு கொடுக்கும் ஏர்பேக் பெட்டியில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் கரண்ட் நிற்கும். அது வடிந்தபிறகுதான் அந்த மஞ்சள் கனெக்டரைத் தொடுவாராம். சரி, டீக்கு நியாயம் இருக்கிறது. போல்ட்டை, சரியான அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினார். தெருவோர ஷெட்டில் டார்க் ரெஞ்சைப் பார்த்தது எனக்குச் சந்தோஷம். கடைசியில் ஸ்கேனர் போட்டு, ஏர்பேக் லைட் எரிந்து அணைவதைக் காட்டினார். பழைய பட்டையை என் கண் முன்னாலேயே இரண்டாக வெட்டினார், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று. வெடிக்காத ப்ரீடென்ஷனரைக் காயலான் கடையில் போடாமல் தனியாக எடுத்து வைத்தார்.

இனி குறைகள். காலை 10 மணிக்கு வரச் சொன்னால் 11 மணிக்கு ஷட்டர் திறக்கிறார். போனை எடுப்பது அவர் இஷ்டம். உட்கார ஒரு பெயின்ட் டப்பாதான், அதையும் பையன் சாமான் வைக்க எடுத்துக்கொண்டு போய்விடுவான். தூண் மூடியின் ஒரு கிளிப்பை உடைத்துவிட்டு வேறு நிறக் கிளிப் போட்டிருக்கிறார். உற்றுப் பார்த்தால் தெரியும், கேட்டதற்குச் சிரித்தார். தெரு குறுகல், கன்டெய்னர் லாரி நெரிசல் டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே வரை இழுக்கும், பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.

கார்டு கிடையாது, ஜிபே உண்டு. கூலிக்கு பில் தருவதில்லை. கேட்டதும் நோட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார், வண்டி நம்பரும் தேதியும் நான் சொல்லித்தான் எழுதினார். ஸ்பேர் கவுண்டர் பில்லைத் தொலைத்துவிடாதீர்கள், பெல்ட் வாரண்டிக்கு அது ஒன்றுதான் ஆதாரம். இடதுபக்கப் பெல்ட்டின் அடிச்சுற்றும் பழுப்பாகத்தான் இருக்கிறது, அதற்கும் ஆர்டர் போட்டிருக்கிறேன்.