அளவை நடுவே அப்டேட்டா, முடிந்த பிறகா?

நில அதிர்வு அளவை (செயற்கையாக அதிர்வு எழுப்பி நிலத்தடியை ஆராயும் களப்பணி) ஓடிக்கொண்டிருக்கும்போது தரச் சோதனை மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தால் இரண்டு வழி: உடனே போடலாம், அல்லது அளவை முடியும்வரை பழையதையே ஓட்டலாம்.

நான் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. இரைச்சலின் ஆர்எம்எஸ் (சராசரி வலிமையைக் காட்டும்) மதிப்பைக் கணக்கிடும் நேர இடைவெளியோ வடிகட்டியோ புதிய பதிப்பில் சற்று மாறினால் போதும், நேற்று தேறிய அதே ஷாட் (ஒருமுறை அதிர்வு எழுப்பிப் பதிந்த தரவு) இன்று தேறாது. கோளாறு தரை அதிர்வை உணரும் ஜியோஃபோனிலா, காற்றிலா, மென்பொருளிலா என்று கண்டுபிடிப்பதற்குள் குழு அடுத்த அளவை வரிசைக்குப் போய்விடும். பழைய நாட்களின் வரைபடங்களோடு புதியவற்றை ஒப்பிடவும் முடியாது.

உடனே போடுவதற்கும் நியாயம் உண்டு. நில அதிர்வுத் தரவைச் சேமிக்கும் செக்-ஒய் (SEG-Y) கோப்பின் 240 பைட் டிரேஸ் (ஒரு தடத்தின் அதிர்வுப் பதிவு) தலைப்பில் ஆயத்தொலைவுகளைத் தவறாக வாசிக்கும் பிழை என்றால் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. இடமே தவறினால் மற்ற சோதனையெல்லாம் வீண். பதிவுக் கருவி செக்-டி (SEG-D) என்ற களப் பதிவு வடிவின் 3.0 பதிப்பில் எழுத, மென்பொருள் 2.1 வரைதான் படிக்கும் என்றாலும் அதே கதைதான்.

சரி, போட்டே ஆக வேண்டுமா? ஏற்கெனவே சோதித்த ஒரு வரிசையை இரண்டு பதிப்பிலும் ஓட்டி, செத்த (சமிக்ஞையே இல்லாத) டிரேஸ் பட்டியல் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பதிப்பையும் அழித்துவிடாதீர்கள். திரை அழகு, மெனு மாற்றம் போன்றவை அளவை முடியும்வரை காத்திருக்கலாம்.